பந்துக்குக் காற்று, பண்டகசாலைக்குக் கணக்கு

தங்கை பேரன் இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "தாத்தா, எங்க காலேஜ்ல மாணவர் கூட்டுறவு பண்டகசாலை ஒண்ணு ஆரம்பிக்கப் போறோம். நீங்க அந்தக் காலத்துல நடத்துனீங்களாமே, எப்படி நடத்துறது?" என்று கேட்டான். பேச்சுவாக்கில், கால்பந்து அணியிலும் அவன் இருக்கிறான் என்று தெரிந்தது. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் திக்கென்றது. 1967-68இல் பாளையங்கோட்டையில் நானும் இதே இரண்டு வேலையைப் பார்த்தவன். பகலில் பண்டகசாலைச் செயலாளர், சாயங்காலம் கால்பந்து அணியில் இடது ஹாஃப், அதாவது நடுக்களத்தில் இடப்பக்கம் ஆடுகிறவன். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஓட்டை எந்த இடத்தில் விழும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவனுக்காக எழுதி வைத்த குறிப்பு இது.

முதலில் பங்கு, அதாவது உறுப்பினராகச் சேர்கிறவர் கடைக்குப் போடும் பணம். எங்களிடம் ஒரு பங்கு 2 ரூபாய். கல்லூரி திறக்கும் நாளில், கட்டணம் கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடு. வீட்டில் கொடுத்தனுப்பிய பணம் முழுசாகப் பையில் இருக்கும் நாள் அது ஒன்றுதான். ஒரு வாரம் தள்ளிக் கேட்டால், பாதி பேருடைய 2 ரூபாய் புரோட்டாவாகியிருக்கும். இப்படி உட்கார்ந்துதான் 600 பேரைச் சேர்த்தோம். மூலதனம் 1,200 ரூபாய். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

எத்தனை பங்கு வாங்கினாலும் ஆளுக்கு ஒரே வாக்கு என்பதை அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிடு. எங்கள் வகுப்பில் ரைஸ்மில்காரர் மகன் ஒருவன் ஒரே நாளில் 25 பங்கு வாங்கினான். எங்கள்மேல் அவ்வளவு பாசமா என்று நினைத்தோம். தேர்தல் சமயத்தில், "எனக்கு 25 ஓட்டு இருக்குல்லா?" என்று வந்து நின்றான். இல்லை என்றதும் 24 பங்கைத் திருப்பிக் கேட்டான்.

படிப்பு முடித்துப் போகிறவர்கள் பங்கைத் திரும்ப வாங்க வரமாட்டார்கள். 2 ரூபாய்க்காக யார் ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறுவார்? அவர்கள் பெயரெல்லாம் உறுப்பினர் பதிவேட்டில் அப்படியே தங்கிவிடும். பொதுக்குழுவுக்குக் குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும்போது, ஊரிலேயே இல்லாத ஆட்களையும் சேர்த்து எண்ண வேண்டிவரும். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபம். மாற்றுச் சான்றிதழ் வாங்க நூலகத்திலும் ஆய்வகத்திலும் பாக்கியில்லை என்று கையெழுத்து வாங்குகிறார்கள் அல்லவா, அந்தத் தாளில் பண்டகசாலைக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி முதல்வரிடம் கேட்டு வாங்கினோம். கையெழுத்துப் போடும்போதே பணத்தைக் கொடுத்துப் பங்கை ரத்து செய்துவிடலாம்.

எங்கள் சங்கத் தலைவர் பொருளாதாரப் பேராசிரியர். எந்தக் கூட்டத்தையும் 1844இல் இங்கிலாந்தின் ராக்டேலில் 28 பேர் சேர்ந்து கடை திறந்த கதையிலிருந்துதான் தொடங்குவார். அங்கிருந்து 1904க்கு வந்து, திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கத்தைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம். பசியோடு உட்கார்ந்திருப்போம். ஆனாலும் அதில் ஒரு விஷயம் எங்கள் பண்டகசாலையைக் காப்பாற்றியது. சந்தை விலைக்கே விற்க வேண்டும். லாபத்தை வருஷக் கடைசியில், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புதிதாக வரும் செயலாளர் எல்லோருக்கும் விலையைக் குறைத்துப் பேர் வாங்க ஆசை இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் நோட்டுப் புத்தகத்துக்கு 5 பைசா குறைத்தார். எதிர்க்கடை அண்ணாச்சி மறுநாளே 7 பைசா குறைத்துவிட்டார். அவருக்கு என்ன நஷ்டம்? சோப்பிலும் சீயக்காயிலும் எடுத்துக்கொள்வார். எங்களிடம் நோட்டும் மையும்தானே இருந்தன. ஒரே மாதத்தில் ஏலம் முடிந்தது. அவர் பழைய விலைக்குப் போனார், எங்கள் கையில் கரையான் அரித்த நோட்டுக்கு ஈடுகட்டக்கூடக் காசு இல்லை.

நான் வந்ததும் சந்தை விலைக்கே திரும்பினேன். முதலில் திட்டினார்கள். வருஷக் கடைசியில் ரூபாய்க்கு 5 பைசா திருப்பிக் கொடுத்தோம். 40 ரூபாய்க்கு வாங்கியவனுக்கு 2 ரூபாய், அதாவது அவன் போட்ட பங்குப் பணமே கைக்கு வந்தது. அதற்கப்புறம் திட்டு நின்றது.

இதில் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு விற்பனைச் சீட்டிலும் உறுப்பினர் எண் எழுத வேண்டும், கார்பன் பிரதியைப் பார்த்து அன்றன்று சாயங்காலமே அவரவர் பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் சீட்டு அரை மணி வேலைதான். ஒரு வாரச் சீட்டைச் சேர்த்தால் அது வேறு வகை மிருகம். போட்டி இருந்த ஒரு வாரம் விட்டுவிட்டேன். 7-ஐ 1 என்று படிக்கிற மாதிரி எழுதும் பழக்கம் எனக்கு. விடுதி வராந்தா விளக்கில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, என் எழுத்தை நானே திட்டிக்கொண்டு ஏற்றினேன்.

கொள்முதலில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திறப்பு மாதத்தைத் தவிர மற்ற மாதங்களில் மூன்று வாரத்துக்கு மேல் சரக்கு வாங்காதே. போன வருஷச் சீட்டுக்கட்டைப் பிரித்துப் பார்த்தால், எந்த மாதம் எது போகும் என்று அதுவே சொல்லும். நோட்டுகளைச் சிவகாசியிலிருந்து நேராக எடுத்தோம். எங்கே எடுத்தாலும் கட்டைப் பிரித்துப் பக்கத்தை எண்ணு. 80 பக்கம் என்று அட்டையில் போட்டு 72 வைத்துத் தைத்ததை நான் எண்ணியிருக்கிறேன். தையல் நடுவில் இருக்கிறதா, கோடு மறுபக்கம் ஊறுகிறதா என்றும் பார். எண்ணாமல் வாங்கினால், உனக்குப் பதிலாக 600 பேர் எண்ணுவார்கள்.

பேர் அச்சடித்த சரக்கு இன்னும் ஆபத்து. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது, எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் மெட்ராஸிலிருந்து அதற்கு மாறின. பண்டகசாலையிலோ மெட்ராஸ் பல்கலைக்கழகம் என்று அட்டையில் அச்சடித்த ஆய்வக ரெக்கார்டு நோட்டுகள் அலமாரி நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டி மறைத்தோம். வேதியியல் சார் ஒருவர் நகத்தால் சீட்டைச் சுரண்டி அடியில் இருப்பதைப் படித்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மை ஒரு தனிக் கணக்கு. அப்போது மையைப் புட்டியாக வாங்குகிறவர்கள் குறைவு. பேனாவை நீட்டினால், பெரிய புட்டியிலிருந்து சொட்டுக்குழாயால் நிரப்பிக் கொடுப்போம், ஒரு நிரப்புக்கு 3 பைசா. புட்டிக்கு எத்தனை பேனா என்று கடைக்காரர் சொல்வதை நம்பக்கூடாது. முதல் புட்டியில் நீயே கோடு போட்டு எண்ணிப் பார்த்து, வருவதில் பத்தில் ஒன்றைச் சிந்தியதற்குக் கழித்துக் கணக்கில் எழுது. இன்று யாரும் மை நிரப்பப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். நகல் எடுக்கிற இயந்திரத்தின் தூளுக்கும் இதே கணக்குதான்.

சரி, கடன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குறிப்பை எழுதினதே அதற்காகத்தான்.

கடன் கொடுக்கக்கூடாது என்று சுவரில் எழுதி வைத்திருந்தோம். யாருக்கும் கொடுத்ததும் இல்லை. விடுதிச் சமையல்காரர் பையனுக்கு ஒரு பென்சில் கடன் கொடுக்க மறுத்தவன் நான். அப்படிப்பட்டவன் அக்டோபரில் 200 ரூபாய் கடன் கொடுத்தேன்.

மதுரையில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அணியில் பாதிப் பேருடைய பூட்ஸ் பிளந்து கிடந்தது. வெறுங்காலோடு ஆடுகிற காலம் போய்விட்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலில் ஆடிப் பிரான்ஸிடம் 2-1இல்தான் தோற்றார்கள் என்று எங்கள் பி.டி. சார் பெருமையாகச் சொல்வார். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1. அந்த அடிக்கு அப்புறம்தான் நாட்டில் பூட்ஸ் கட்டாயமானது. விளையாட்டு நிதியிலிருந்து வாங்கலாம்தான். ஆனால் அந்த பில் அலுவலகத்தில் மேசை மேசையாக உட்கார்ந்து எழுந்து வர மாதக்கணக்காகும்.

கேப்டன் என் தோளில் கை போட்டான். "ஏல, நம்ம கடைதானல? எடுத்துக் குடு. பில்லு பாஸானதும் தானா வந்துரும்."

நம்ம கடை. அந்த ஒரு சொல்லில்தான் விழுந்தேன். பண்டகசாலைப் பணத்தில் வாங்கிக் கொடுத்தேன். ஜோடி 16 ரூபாய் வீதம் 9 ஜோடி பூட்ஸ், 144. ஒன்று 28 ரூபாய் வீதம் இரண்டு பந்து, 56. நிர்வாகக் குழுவில் தீர்மானம் போடவில்லை. கேப்டன் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டான், அதைக் கல்லாப்பெட்டியில் வைத்தேன். 1,200 ரூபாய் மூலதனத்தில் ஆறில் ஒரு பங்கு அந்தத் துண்டுச்சீட்டாக மாறியது.

மதுரையில் முதல் சுற்றிலேயே 3-0 என்று தோற்றோம். காரணம் சொன்னால் வெட்கம். புது பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராகக் களத்துக்குப் போட்டுப் போனோம். இடைவேளைக்குள் ஒன்பது பேருக்கும் குதிகாலில் கொப்புளம். பழைய பூட்ஸைத் தைத்துப் போட்டிருந்த இரண்டு பேர்தான் கடைசிவரை ஓடினார்கள்.

தோற்றதைக்கூட விடு. உண்மையான அடி நவம்பரில் விழுந்தது. செய்முறை வகுப்புகள் மும்முரமாகி ரெக்கார்டு நோட்டும் கிராஃப் தாளும் பறக்கிற மாதம் அது. சரக்கு எடுக்கக் கையில் பணம் இல்லை. எங்கள் உறுப்பினர்களே எதிர்க்கடையில் வரிசையில் நின்று வாங்கினார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "என்ன தம்பி, கடை லீவா?" என்றார். பில் ஏப்ரலில் வந்தபோது விளையாட்டு நிதியில் மிச்சம் குறைவு என்று 120தான் பாஸாகியிருந்தது. மீதி 80 ரூபாயில் 34ஐ அணிக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள். 46ஐ நான் கட்டினேன். கேப்டன் அதற்குள் தேர்வு எழுதி ஊருக்குப் போய்விட்டான். தணிக்கைக்கு வந்தவர் என் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தீர்மானம் இல்லாத கடன்" என்று பச்சை மையில் எழுதினார்.

அதனால், நீ இப்படிச் செய். அணிக்கு எது வேண்டுமென்றாலும் முதல்வர் கையெழுத்திட்ட கொள்முதல் ஆணை வரட்டும், முழுப்பணமும் முன்னாலேயே வரட்டும், அப்புறம் சரக்கை வரவழை. அவசரம் என்று வந்தால் அதை நிர்வாகக் குழுவில் வை. அந்தப் பேச்சு நடக்கும்போது நீ அறையை விட்டு வெளியே போய்விடு. நீ வெளியே போனாய் என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல். இப்படிச் செய்தால் கேப்டன் உன்மேல் கோபப்படமாட்டான், குழுவின்மேல் கோபப்படுவான். குழுவுக்கு ஏழு தோள் இருக்கிறது.

இனி பூட்ஸ், பந்து. கடைக்கு வருகிற எல்லாச் சண்டைக்கும் அப்போது இவை இரண்டுதான் காரணம். இவற்றைக் காப்பாற்றத் தெரிந்தால் புதிது கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

தோல் பூட்ஸை வாங்கியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கெட்டியான காலுறை போட்டு அப்படியே மாட்டிக்கொண்டு, அது காலிலேயே காயும்வரை நடக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தால் தோல் உன் காலின் வடிவத்துக்கு வந்துவிடும். அப்போதைய ஸ்டட்கள், அதாவது வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ்கள், தோலை அடுக்கி அடியில் ஆணி அடித்தவை. தோல் தேயத் தேய ஆணித்தலை வெளியே வரும். ஆட்டத்துக்கு முன் நடுவர் பூட்ஸின் அடியில் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார். கீறினால் வெளியே அனுப்பிவிடுவார். முந்தின நாளே செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து ஆணியைத் தட்டிக்கொள்வோம்.

பந்து அதைவிடப் பெரிய வித்தை. உன்னிடம் இருக்கும் பந்துக்கு ஊசியைச் செருகிக் காற்றடித்தால் முடிந்தது. எங்கள் பந்து வெளியே தோல், உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர் பையான பிளாடர், ஒரு பக்கம் வாய், அந்த வாய்க்கு பூட்ஸ் மாதிரி லேஸ். முகத்துக்குப் போடும் பவுடரைப் பிளாடரின் மேல் தூவி, சுருட்டி வாய் வழியே உள்ளே விட வேண்டும். பவுடர் போடாவிட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டு மடங்கும். மடங்கின இடத்தில்தான் வெடிக்கும். கொஞ்சம் காற்றடித்து, கையை விட்டு நாலா பக்கமும் தடவி மடிப்பை எடுத்துவிட்டு, அப்புறம் முழுக்காற்று. பிளாடரின் குழாயை மடக்கி நூலால் இறுக்கிக் கட்டி, லேஸுக்குக் கீழே இருக்கும் தோல் நாக்குக்கு அடியில் தட்டையாகச் செருகு. இந்த இடத்தில் மேடு இருந்தால் பந்து நேராக உருளாது. பிறகு வளைந்த ஊசியால் லேஸைக் கோத்து, ஒவ்வொரு கண்ணாக இழு. கடைசி முடிச்சு உள்ளே போக வேண்டும். முடிச்சு வெளியே இருக்கிற பந்தைத் தலையால் முட்டினவன் நெற்றியில் அது பதிந்திருக்கும். எனக்கு இடது புருவத்துக்கு மேலே இன்னும் இருக்கிறது.

விதிப்படி பந்தின் சுற்றளவு 27 முதல் 28 அங்குலம், எடை ஆட்டத் தொடக்கத்தில் 14 முதல் 16 அவுன்ஸ். தொடக்கத்தில் என்று விதியில் எழுதினவருக்கு அனுபவம் உண்டு. ஐப்பசி மழையில் அரை மணி ஆடினால் தோல் தண்ணீரைக் குடித்துக் கல்லாகிவிடும். நனைந்த பந்தை வெயிலில் வைக்காதே, அடுப்பங்கரையில் வைக்கவே வைக்காதே, தோல் வெடிக்கும். லேசாகக் காற்றை இறக்கி, துணியால் ஒற்றி, நிழலில் தொங்கவிடு. காய்ந்த பிறகு தையலில் மட்டும் துணியால் எண்ணெய் தொட்டுத் தடவு. அதிகமானால் தையல் இளகிப் பந்து உப்பும். பிளாடரில் ஓட்டை என்றால் தண்ணீர் வாளியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்து, சைக்கிள் கடையில் ஒட்டுப் போடு.

இதில் ஒரு எச்சரிக்கை. அணியின் பந்தைப் பண்டகசாலைக்குள் வைக்காதே. நான் வசதி என்று நோட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஒரு தடவை தேங்காய் எண்ணெயை யாரோ தாராளமாகப் பூசியிருந்தார்கள். அது இறங்கிக் கீழ்த்தட்டில் இருந்த 40 நோட்டையும் பலகாரம் மடித்த தாள் மாதிரி ஆக்கிவிட்டது.

மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும்போது மூலை நேராக வர ஒரு கயிறு போதும். 9 அடி, 12 அடி, 15 அடி இடைவெளிகளில் முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் 9க்கும் 12க்கும் நடுவில் செங்கோணம். கணிதம் படித்தவர்கள் அணியில் நாலு பேர் இருந்தும் இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் மைதானக் காவலர்.

கடைசியாகக் கணக்கு முடிப்பு. கூட்டுறவு ஆண்டு அப்போது ஜூன் 30இல் முடிந்தது. இன்றைய தேதியை உங்கள் துணைவிதியில், அதாவது சங்கத்தின் சொந்த விதிப் புத்தகத்தில், பார்த்துக்கொள். அன்றைக்குக் கடையை மூடி, கீழ்த்தட்டிலிருந்து மேலாக எண்ண வேண்டும். ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒருவர் எழுத, விற்பனையில் சம்பந்தமில்லாத மூன்றாமவர் பார்க்க வேண்டும். பிரிக்காத கட்டு என்று அப்படியே எழுதாதே, பத்துக் கட்டுக்கு ஒன்றைப் பிரித்து எண்ணு. ரொக்கத்தை முதலில் எண்ணிக் கையெழுத்து வாங்கிவிடு. எங்கள் துணைவிதிப்படி நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கு, யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கும் சேமநிதிக்குப் போகும். மீதியில்தான் பங்குக்குக் கொடுக்கும் பங்கு ஈவும், வாங்கிய அளவுக்குத் திருப்பிக் கொடுக்கும் கொள்முதல் ஈவும். தணிக்கையாளர் வந்தால் காப்பி வாங்கிக் கொடுப்பதை விட, கேட்கிற வவுச்சரை உடனே எடுத்துக் கொடுப்பது அவருக்குப் பிடிக்கும்.

தேர்தலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதி பார்ப்பார்கள், விடுதிக்காரன் உள்ளூர்க்காரன் பார்ப்பார்கள், நீ வாக்காளர் பட்டியலைப் பத்து நாள் முன்னால் பலகையில் ஒட்டிவிடு. சண்டையில் பாதி குறையும்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது வாய்மொழி வேண்டாம், பட்டியல் எழுது. நான் கொடுத்ததின் நகல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சாவி 2. ரொக்கம் 14 ரூபாய் 35 பைசா. மத்திய கூட்டுறவு வங்கிப் பாஸ்புத்தகம் 1. மைப் புட்டி, பாதி. எண்ணெய் பட்ட நோட்டு 40, விலை குறைத்து விற்க. அதன் கீழே, எனக்கு அடுத்து வந்த பையன் தன் கையால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்: "கால்பந்து 1, ஒட்டு 3. பண்டகசாலைக்குச் சொந்தமில்லை. இன்றே வெளியேற்றப்பட்டது."